திட்டினாலும் ஓட்டுதான்!

காலை 7.50 மணி. தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலின் ஒரு பெட்டி. ஜன்னலோரத்து அம்மா மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு பூண்டு உரிக்கிறார். எதிர் சீட்டுக்காரர் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டார்.

"நேத்து பாத்தியாக்கா? இன்னைக்கு மாட்டிக்குவான்னு பாத்தா, கரெக்டா அந்த நேரத்துக்கு போன் வருது!"

"எனக்கு அப்பவே தெரியும். போனை க்ளோஸப்ல காட்டுனான்ல? மியூசிக் வேற போட்டான். இன்னும் ஒரு வாரம் இழுப்பான், பாரு."

"அவனுக்கு என்ன... நாமதான் லூசு மாதிரி உக்காந்து பாக்குறோமே."

குரோம்பேட்டையில் ஏறியவரும் பல்லாவரத்தில் ஏறியவரும் பேச்சில் கலந்துகொண்டார்கள். யார் எந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கிண்டியில் பாதிப் பேர் இறங்குவதற்குள் ஒரு மாமியார், இரண்டு மருமகள்கள், ஒரு போலீஸ் அதிகாரி எல்லோரும் விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் சொல்லப்பட்டுவிட்டது.

அந்தப் பேச்சில் இரண்டு 'அவன்'கள் வந்தார்கள். ஒருவன் கதைக்குள் இருப்பவன், மாட்டிக்கொள்ள வேண்டியவன். இன்னொருவன் வெளியே இருப்பவன். 'இழுப்பான்', 'காட்டுவான்', 'கொன்னுடுவான்', 'ஆளை மாத்திடுவான்' என்று சீரியல் பார்க்கும் வீடுகளில் தினமும் அடிபடும் 'அவன்' இவன்தான். இயக்குநரா, வசனம் எழுதுபவரா, தயாரிப்பாளரா, சேனலா? பார்க்கிறவர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். "யாரோ ஒருத்தன். நம்ம உசிர வாங்குறதுக்குன்னே உக்காந்திருக்கான்" என்றார் பூண்டு உரித்தவர். இந்த வாரம் அந்த 'அவனை'த்தான் தேடிப்போனோம்.

15 காசில் ஒரு விமர்சனம்

கதையைப் பற்றிக் கருத்துச் சொல்வது செல்போனோடு பிறந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். கல்கி 1950-இல் 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கி 1954-இல் முடித்தபோது வாசகர்கள் அவரைச் சும்மா விடவில்லை. இவர் என்ன ஆனார், அவருக்குக் கல்யாணம் ஆயிற்றா என்ற கேள்விகளுக்கெல்லாம் கடைசியில் ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையும் டி.வி. தொடரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 'தொடரும்' என்று போட்டவுடன் கதை பாதி வாசகருக்குச் சொந்தமாகிவிடும்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது இருந்தது ஒரே சேனல்தான். பிடித்தாலும் அதுதான், பிடிக்காவிட்டாலும் அதுதான். ஆனால், அந்த ஒரே சேனலில் 'எதிரொலி' என்றொரு நிகழ்ச்சி வந்தது. நேயர்கள் எழுதிய கடிதங்களைப் படித்து நிலையத்தார் பதில் சொல்வார்கள். ஒலி சரியில்லை, நாடகம் ஜவ்வு, அந்தப் பாட்டை ஏன் பாதியில் வெட்டினீர்கள் என்று புகார்கள் வரும். அரசு அலுவலகத்து நிதானத்தோடு 'தங்கள் கருத்தைக் கவனத்தில் கொள்கிறோம்' ரகப் பதில்கள் வரும். கவனத்தில் கொண்டார்களா என்பது வேறு விஷயம். ஆனால், 15 காசு அஞ்சலட்டையில் எழுதிய ஒருவரின் ஊரும் பேரும் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருந்தார். அவர் கடிதம் ஒருமுறை 'எதிரொலி'யில் படிக்கப்பட்டது. அதன் பிறகு பல வருடங்களுக்கு அவரை யாரும் தலைமையாசிரியர் என்று அழைக்கவில்லை. 'எதிரொலி சார்' ஆகிவிட்டார்.

இன்றைய பொழுதுபோக்கு சேனல் எதிலாவது தன்னைத் திட்டி வந்த கடிதத்தைத் தானே படிக்கும் நிகழ்ச்சி இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள்.

ஒன்பதரை மணி

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. வந்தது. நெடுந்தொடர் என்ற சொல் வீடுகளுக்குள் ஆழமாக இறங்கியது 1999 கடைசியில். ராதிகாவின் ராடான் நிறுவனம் தயாரித்த 'சித்தி' இரவு ஒன்பதரைக்கு வந்தது. 2001 வரை ஓடியது. ஒன்பதரை என்பது சாப்பாட்டு நேரத்தின் பெயராக இருந்தது போய்த் தொடரின் பெயராகிவிட்டது. எங்கள் பெரியம்மா அதற்கு முன்பே அடுப்படியைத் துடைத்து முடித்து, நனைந்த கையைச் சேலைத் தலைப்பில் ஒற்றிக்கொண்டே வந்து தரையில் சுவரோடு சாய்வார். நாற்காலியில் உட்கார மாட்டார். விளம்பரம் வந்தால் எழுந்து தயிருக்கு உறை ஊற்றிவிட்டு வருவார். கரண்ட் போனால் பக்கத்துத் தெருத் தங்கைக்குப் போன்: "ஏட்டி, அங்க இருக்கா? என்ன ஓடுது, சொல்லு." மறுமுனையில் நேர்முக வர்ணனை நடக்கும்.

அடுத்தது 'மெட்டி ஒலி'. 2002-இல் தொடங்கி 2005 வரை. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த அப்பாவாக டெல்லி குமார். இயக்கியவரும் கோபியாக நடித்தவரும் திருமுருகன். அது ஓடிய காலத்தில் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை வீட்டாரை எடைபோட அந்தத் தொடரின் பாத்திரங்கள் பயன்பட்டன. பெண் பார்க்க வந்துபோன ஒரு குடும்பத்தைப் பற்றிப் பெரியம்மா ஒரே வரியில் சொன்னது நினைவிருக்கிறது: "பையன் மாணிக்கம் மாதிரி இருக்கான். அம்மா சொல்லாம தண்ணி குடிக்க மாட்டான்." சேத்தன் நடித்த அந்த மாணிக்கத்தை வைத்து அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று முடிவானது. நல்ல முடிவா என்று எனக்குத் தெரியாது. ஆனால், விமர்சனம் என்பது என்ன என்று எனக்கு முதலில் காட்டியது அந்த ஒரு வரிதான்.

2020-இல் ஊரடங்கு வந்தது. மார்ச் மாதம் படப்பிடிப்புகள் நின்றன. புதிய எபிசோடுகள் தீர்ந்து, சேனல்கள் பழைய பெட்டியைத் திறந்தன. 'மெட்டி ஒலி' மறுபடி வந்தது. இம்முறை பெரியம்மாவோடு அவர் பேத்தியும் உட்கார்ந்தாள். அந்த ஐந்து பெண்களில் ஒருத்தியான சரோ மாமியார் கொடுமையில் அழுகிற இடத்தில் பெரியம்மா 18 வருடம் கழித்தும் மூக்கை உறிஞ்சினார். பேத்திக்குக் கண் கலங்கவில்லை. "இவ ஏன் பாட்டி இன்னும் அந்த வீட்டுலயே இருக்கா?" என்றாள். பெரியம்மாவிடம் பதில் இல்லை. அடுத்த காட்சிக்குள் அதே கேள்வியை அவரே தொடரைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்: "அதானே... போய்த் தொலைய வேண்டியதுதான?"

நடுவே 2006-லிருந்து அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பக்கத்து வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்கள் சொந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பேச்சு மட்டும் குழாயடியிலேயே தொடர்ந்தது.

கோபி என்றால் கோபி இல்லை

சீரியல் பார்க்கும் பெண்களைக் கேலி செய்யாத தமிழ்ப் படம் அபூர்வம். கேலி செய்கிறவர்கள் ஒருநாள் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: அதில் சீரியல் பாதிதான்.

விஜய் டி.வி.யின் 'பாக்கியலட்சுமி' 2020 ஜூலையில் தொடங்கி 2025 வரை ஓடியது. வங்காளத்து 'ஸ்ரீமோயி'யின் தமிழ் வடிவம். அதே கதை இந்தியில் 'அனுபமா'. சமையலறையிலேயே வாழ்க்கையைக் கழித்த மனைவி, கல்லூரிக் காலத்துக் காதலியிடம் திரும்பிப்போகும் கணவன் கோபி, விவாகரத்து, அதன் பிறகு அவள் தன் கைச் சமையலை வைத்தே தொழிலில் எழுந்து நிற்பது. நாற்பதைத் தாண்டிய பெண்ணின் விவாகரத்தைத் தமிழ்க் கூடத்தில், மாமனார் மாமியார் முன்னிலையில், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பேசுபொருளாக்கியது சாதாரணக் காரியம் இல்லை.

அந்த நாட்களில் ஒரு தையல் கடையில் ஜாக்கெட் வாங்கக் காத்திருந்தேன். மூன்று பெண்கள் இருந்தார்கள். "கோபி திரும்பி வந்தா சேத்துக்கணும்ங்கிறேன். வயசாயிடுச்சு, புள்ளைங்க இருக்கு" என்றார் ஒருவர். "எதுக்கு? அவ நல்லாத்தான இருக்கா? இப்பத்தான் நாலு காசு கையில பாக்குறா" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அதுவரை பேசவே இல்லை, பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: "வந்தான்னா சோறு போடலாம். ஆனா ஒரு வார்த்தை பேசக் கூடாது. நான் பதினோரு வருஷமா அப்படித்தான்."

கடையில் கொஞ்ச நேரம் தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

பேச்சு மறுபடி கோபிக்கே திரும்பியது. யாரும் அவரைத் துருவிக் கேட்கவில்லை, தேவையும் இல்லை. 'என் வீட்டுக்காரர்' என்று ஆரம்பித்திருந்தால் அந்த வாக்கியம் வெளியே வந்திருக்காது. கோபி என்று ஆரம்பித்ததால் வந்தது. பாக்கியலட்சுமி தொடர் பல மாதங்கள் சவசவ என்று நகர்ந்தது. ஒரே பிரச்சினையை மூன்று பிள்ளைகளுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் குறையெல்லாம் உண்மை. ஆனால், அந்தத் தையல் கடைப் பேச்சு எந்த எபிசோடையும்விடக் கூர்மையாக இருந்தது. அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

ஏறுகிற கணக்கு வேறு.

ஒரு வீடு, நாலாயிரம் வீடு

டி.ஆர்.பி. என்ற மூன்றெழுத்து இப்போது தையல் கடையிலும் தெரியும். அது எப்படி வருகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. 2015-லிருந்து இந்தக் கணக்கை எடுப்பது 'பார்க்' என்ற அமைப்பு. ஒளிபரப்பாளர்கள், விளம்பரதாரர்கள், விளம்பர நிறுவனங்கள் மூன்று தரப்பும் சேர்ந்து நடத்துவது. சேனலின் ஒலியோடு மனிதக் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளம் கலந்து வரும். தேர்ந்தெடுத்த வீடுகளில் டி.வி.யோடு பொருத்தப்பட்ட சிறு கருவி அந்த அடையாளத்தைப் பிடித்து, எந்த சேனல், எந்த நிமிடம் என்று குறித்துக்கொள்ளும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். அம்மா உட்கார்ந்தால் அம்மா பொத்தானை அழுத்த வேண்டும், எழுந்து போனால் மறுபடி அழுத்த வேண்டும். அந்த வீடு எது என்பது வெளியே தெரியக் கூடாது.

நாடு முழுக்க இப்படிக் கருவி வைத்த வீடுகள் ஐம்பதாயிரத்துச் சொச்சம். டி.வி. இருக்கும் வீடுகள் 2020-இல் 'பார்க்' சொன்ன மதிப்பீட்டின்படி 21 கோடி. வகுத்துப் பாருங்கள், ஒரு வீடு ஏறக்குறைய 4,000 வீடுகளுக்காகப் பேசுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் இதன் கணக்கு. முறைப்படி எடுத்தால் தப்பில்லாத கணக்குதான். ஆனால், பதம் பார்க்கிற அந்த ஒரு சோற்றை யாராவது முன்கூட்டியே எடுத்து வேகவைத்துவிட்டால்? 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் சொன்ன குற்றச்சாட்டு அதுதான். கருவி இருக்கும் சில வீடுகளுக்குக் காசு கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓடவிடச் சொன்னதாக வழக்கு. அது செய்தி சேனல்களை ஒட்டிய விவகாரம். அதையொட்டிச் செய்தி சேனல்களின் வாராந்தரக் கணக்கு 2022 மார்ச் வரை வெளியிடப்படவில்லை. பொழுதுபோக்கு சேனல்களுக்கு அந்த விடுமுறை கிடைக்கவில்லை. வியாழக்கிழமைதோறும் எண்கள் வந்துகொண்டே இருந்தன.

தொடர் ஒன்றுக்கு வசனம் எழுதும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். வியாழக்கிழமை மத்தியானம் அவர் போனை எடுக்க மாட்டார். "பரீட்சை ரிசல்ட் மாதிரிடா. ஆனா வாராவாரம்" என்பார். மொத்த எண் மட்டும் இல்லை, எந்த நிமிடத்தில் ஆட்கள் இருந்தார்கள், எந்த நிமிடத்தில் நழுவினார்கள் என்பதும் வரும். கணவன் மனைவி சேர்ந்து சிரித்த காட்சியில் வரைபடக் கோடு இறங்கியிருக்கும். மாமியார் நகைப்பெட்டியைத் திறந்து 'எங்க வளையல்?' என்று கத்திய காட்சியில் கோடு ஏறியிருக்கும். அடுத்த வாரம் எதை எழுதச் சொல்வார்கள் என்று நீங்களே சொல்லிவிடலாம். "நல்ல டிராக் ஒண்ணு வெச்சிருந்தேன். மாமியாரும் மருமகளும் ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து பேசுறாங்க. ரெண்டே சீன்தான் போச்சு, கோடு படுத்துடுச்சு. மூணாவது சீனை எடுக்கவே இல்லை."

இந்தக் கருவிக்குக் கண் உண்டு, வாய் இல்லை. ரசித்துப் பார்ப்பதும் அதற்கு ஒன்றுதான், பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பதும் ஒன்றுதான். "தூ, இதெல்லாம் ஒரு கதையா" என்று சொல்லிக்கொண்டே முழு அரை மணி நேரமும் உட்கார்ந்திருப்பவர் போடுவதும் ஆதரவு ஓட்டுதான். ரயிலில் உசிரை வாங்குகிறான் என்று திட்டு வாங்கிய அந்த 'அவன்', திட்டை ஓட்டாக எண்ணிக்கொண்டிருக்கிறான்.

ரகசியம் உடையாத ரகசியம்

'சிறகடிக்க ஆசை' 2023 ஜனவரியில் தொடங்கியது. முத்துவும் மீனாவும் சேர்ந்து வரும் காட்சிகள் அழகு. டிரைவர் கணவன், பூக்கட்டும் மனைவி, சில்லறைச் சண்டை, சில்லறைச் சமாதானம். நம் சின்னத்திரையில் உழைத்துச் சாப்பிடும் ஜோடியை இவ்வளவு இயல்பாகப் பார்த்து நாளாயிற்று. ஆனால், அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் யாரிடம் பேசினாலும் முத்து மீனாவில் ஆரம்பிக்கும் பேச்சு ரோகிணியில் போய் முட்டும். முதல் கல்யாணத்தையும் பெற்ற பிள்ளையையும் மறைத்து, வேறு பெயரில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். உண்மை வெளிவரும் நேரத்தில் ஒரு கதவு சாத்தும், ஒரு போன் அடிக்கும், சாட்சி சொல்ல வந்தவருக்கு மயக்கம் வரும். மாதங்கள் போய் வருடங்களும் போயின.

காரணம் எழுதத் தெரியாமை இல்லை. ரகசியம் உடைந்த அன்று எண் எகிறும், அது நிச்சயம். மறுநாளிலிருந்து காத்திருக்க ஒன்றும் இருக்காது, அதுவும் நிச்சயம். ஆகவே உடைக்கப்போவதாகப் புரோமோவில் காட்டுவது, உடைக்காமல் எபிசோடில் தப்பிப்பது. புரோமோவுக்காக ஒரு ஓட்டு, ஏமாற்றத்தைத் திட்ட மறுநாள் ஒரு ஓட்டு. இந்தத் தொடர் மட்டும் இல்லை, இன்று ஓடும் தொடர்களில் பெரும்பாலானவை இந்த ஒற்றை ஆணியில்தான் தொங்குகின்றன.

வியாபாரமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. விதிப்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் விளம்பரத்துக்கும் சேனலின் சொந்த அறிவிப்புகளுக்கும். அரை மணித் தொடர் என்பது உண்மையில் 24 நிமிடம்தான். அதில் டைட்டில், நேற்றைய கதை, நாளைய முன்னோட்டம் போக, மூன்று பேர் முகத்தையும் மூன்று தடவை காட்டினால் ஒரு நாள் பிழைப்பு முடிந்தது. முன்பெல்லாம் சன் டி.வி.யில் தயாரிப்பாளரே நேரத்தை வாங்கி, அதில் வரும் விளம்பரத்தைத் தானே விற்றுக்கொள்ளும் முறை பரவலாக இருந்தது. மற்ற சேனல்களில் எபிசோடுக்கு இவ்வளவு என்று சேனலே காசு கொடுத்து எடுக்கச் சொல்லும் முறை. முதல் முறையில் தயாரிப்பாளருக்குப் பயம் விளம்பரதாரரிடம். இரண்டாவதில் சேனலின் கதைக் குழுவிடம். இரண்டு பயமும் வியாழக்கிழமை எண்ணில்தான் போய் முடிகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் தொடரை நிறுத்திப் புதுசு ஆரம்பித்தால் புதிய வீடு, புதிய முகங்கள், புதிய விளம்பரச் செலவு. பார்வையாளரும் ஒட்டுவாரா, மாட்டாரா என்று தெரியாது. ஆகவே பழைய வண்டியையே உருட்டுகிறார்கள். 'கோலங்கள்' 2003-இலிருந்து 2009 வரை 1,500 எபிசோடுகளைத் தாண்டியது. அதன் நாயகி அபியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அது முடிவதற்குள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.

குணசேகரன் கேட்ட கேள்வி

அதே 'கோலங்கள்' திருச்செல்வம் 2022-இல் 'எதிர்நீச்சல்' கொண்டுவந்தார். படித்த பெண்கள் நால்வர், மருமகள்களாக ஒரே வீட்டில் அடைபட்டிருக்கிறார்கள். அடைத்து வைத்திருப்பவர் மூத்தவர், ஆதி குணசேகரன். ஆணாதிக்கத்தை எதிர்த்து எழுதிய தொடர். ஆனால், ஊரே ஒன்பதரைக்கு யாருக்காகக் காத்திருந்தது? குணசேகரனுக்காக. தேனி மாவட்டத்து மண்ணின் குரலில் மாரிமுத்து "இந்தாம்மா, ஏய்!" என்றதும் குழந்தைகள்கூடத் திருப்பிச் சொன்னார்கள். அதுவரை அவர் 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கியவர், பல படங்களில் தலைகாட்டியவர். வாசலில் இறங்கினால் செல்ஃபி கேட்கும் கூட்டத்தை அவருக்குக் கொடுத்தது இந்த வில்லன் வேடம்தான்.

எனக்கு அதில் ஆச்சரியமும் கொஞ்சம் பயமும் இருந்தது. அடக்குகிறவனைக் கண்டிக்க எழுதிய பாத்திரத்தை நாம் ரசித்து ரசித்துக் கொண்டாடினோம். பார்த்த பெண்களிடம் கேட்டேன். ஒருவர் சொன்னது சரியாக இருந்தது: "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு சார். அது திட்டுனா அழுகை வரும். இது திட்டுனா சிரிப்பு வருது. சிரிச்சிக்கிட்டோம்."

2023 செப்டம்பர் 8. அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த மாரிமுத்து மாரடைப்பில் இறந்தார். வீடுகளில் நிஜமாகவே எழவு விழுந்தது போலிருந்தது. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். அவர் கம்பீரமான நடிகர், குறையொன்றும் இல்லை. ஆனால், 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுத்துப் போட்டுவிட்டால் கருவி ஒப்புக்கொள்ளலாம், மனசு ஒப்புக்கொள்ள வேண்டுமே. "இவரு நெசமாவே அடிச்சிருவார் போல இருக்கு. அவரு அடிக்க மாட்டார்னு நமக்குத் தெரியும்" என்றார் எங்கள் பெரியம்மா. ஒரு வில்லன் பாத்திரத்தின் உயிர்நாடியை இதைவிடச் சுருக்கமாக எந்த விமர்சகரும் எழுதிப் படித்ததில்லை. 2024 ஜூனில் தொடர் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று இரண்டாம் பாகம் வந்தது, நால்வரில் ஒருத்தியான ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி.

யாரிடம் சொல்வது?

கருத்துச் சொல்ல முறையான வழி இருக்கிறது. பலருக்குத் தெரிவதில்லை, சேனல்களும் உரக்கச் சொல்வதில்லை. பொழுதுபோக்கு சேனல்களின் நிகழ்ச்சிகள் மீதான புகார்களைக் கேட்க, ஒளிபரப்பாளர்களே சேர்ந்து 2011-இல் ஒரு குழுவை அமைத்தார்கள். 2021-இல் திருத்தப்பட்ட கேபிள் டி.வி. விதிகள் மூன்று படிகள் வைத்திருக்கின்றன. முதலில் சேனலுக்கு எழுதலாம், 15 நாளில் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அந்தக் குழு, அதற்கும் மேலே அரசு. பெண்ணை அடிப்பதை வேடிக்கையாகக் காட்டுகிறார்கள், குழந்தையை வைத்துக் கொடூரம் செய்கிறார்கள் என்றால் தாராளமாக எழுதலாம். ஆனால், 'இழுக்கிறார்கள்' என்பது எந்த விதிப்படியும் குற்றம் இல்லை. நூறு பேரைக் கேட்டால் நூறு பேரும் சொல்லும் ஒரே குறைக்குப் புகார்ப் படிவத்தில் இடம் இல்லை.

இழுக்காமல் முடிக்கத் தெரியாதவர்களா நாம்? கே.பாலசந்தர் சின்னத்திரைக்கு வந்தபோது கதை சொல்லி முடித்தார். அவருடைய மின்பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' கதைகள் தொண்ணூறுகளில் வாரம் ஒருநாள் வந்தன. 'விடாது கருப்பு' முடிச்சு அவிழ்ந்தது, முடிந்தது, இன்றும் பேசுகிறார்கள். இன்று கைப்பேசியில் பதினாறு எபிசோட் கொரியத் தொடரைப் பார்த்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் கல்லூரிப் பெண்ணின் அம்மாதான், பக்கத்து அறையில் ரகசியம் இன்றாவது உடையுமா என்று உட்கார்ந்திருக்கிறார்.

ரயிலுக்குத் திரும்பினால், பூண்டு உரித்த அம்மாவிடம் அந்த 'அவனை'க் கண்டுபிடித்த கதையைச் சொன்னேன். கருவி, பொத்தான், வியாழக்கிழமை எல்லாம். பொறுமையாகக் கேட்டார். "அப்போ எங்க வீட்ல அந்தப் பொட்டி இல்லையே. நான் பாத்தாலும் கணக்கு இல்ல, பாக்காட்டியும் கணக்கு இல்லன்றீங்க." ஆமாம் என்றேன். "அப்புறம் எதுக்கு அவன் என்னைத் தேடிப் பேச வந்தான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவருடைய கணக்கில் இப்போது நானும் 'அவன்' ஆகிவிட்டேன்.

அவர் சார்பில் சேனல்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். புதுத் தொடர் ஆரம்பிக்கும்போது நாயகி யார், நேரம் என்ன என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டுகிறீர்கள். அதே போஸ்டரின் ஓரத்தில் எத்தனை எபிசோட் என்றும் போட்டுவிடுங்கள். இருநூறு என்றால் இருநூறு, ஐந்நூறு என்றால் ஐந்நூறு. நாங்கள் உட்காருவதா, எழுந்து போய்த் தயிருக்கு உறை ஊற்றுவதா என்று முதல் நாளே முடிவு செய்துகொள்கிறோம்.